பென்சிலில் எழுதிய "நான்"

உருண்டை என்று செல்லமாகக் கூப்பிடும் எட்டு மாதப் பெண்குழந்தையோடும் பதினேழு அட்டைப் பெட்டிகளோடும் அவர்கள் அந்தப் பழைய வீட்டுக்குக் குடிவந்தார்கள். பின்னறையில் ஈரச் சுவரின் வாடை. அதற்கடியில், மெல்லியதாக, புளித்த பால் வாடை. கழுவிவிட்டால் போய்விடும் என்று அம்மா நினைத்தாள்.

வாடை போகவில்லை. குழந்தையின் தூக்கம்தான் போனது.

அதுவரை அடித்துப் போட்டதுபோலத் தூங்கிய உருண்டை, இப்போது மணிக்கொரு தரம் வீறிட்டு எழுந்தாள். நாம்தான் ஏதோ தப்பு செய்கிறோம் என்று அம்மா மருகினாள்.

"தப்பெல்லாம் இல்லம்மா," என்றாள் வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸக்கா. "இந்த வயசுல தூக்கம் இப்படித்தான் மாறும். இவ்ளோ நாள் நீ கண்ணுலேர்ந்து மறைஞ்சா, நீ இல்லவே இல்லன்னு பாப்பா நெனச்சா. இப்போ கண்ணுக்குத் தெரியாட்டியும் ஆள் இருக்குன்னு புரிஞ்சுடுச்சு. அதான் தேடுறா."

பிறகு ஒரு நோட்டில் கட்டம் போட்டுக் கொடுத்தாள். தூங்கிய நேரம், எழுந்த நேரம், தூங்க வைத்தவர்.

அம்மா நிமிடம் பிசகாமல் எழுதினாள். தூங்க வைத்தவர் என்ற இடத்தில் "நான்" என்று போட்டாள். அச்சகத்தில் வேலை பார்க்கும் அப்பாவும், தன் முறை வந்தபோது, "நான்" என்றே போட்டார்.

இரண்டாவது வாரம் தூக்கம் திரும்பியது. மதியத்தில் மட்டும் மூன்று மணி நேரம். அம்மாவும் கூடவே அசந்து தூங்கினாள்; இரவில் அரைத்தூக்கத்தில், மேலே இருப்பதைப் பார்க்காமலே அடுத்த வரியை எழுதினாள். விழித்திருக்கும்போது உருண்டை பின்னறை மூலையைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தாள்.

நர்ஸக்கா நோட்டைப் புரட்டிச் சிரித்தாள். "ஜோடிப் பொருத்தம் பிரமாதம்! ரெண்டு பேரும் 'நான்'னே எழுதினா, எந்த நான்னு நான் என்னத்தக் கண்டேன்?"

"நீல மை நான். கறுப்பு அவர்."

"அப்போ இந்தப் பென்சில்?"

அம்மா எட்டிப் பார்த்தாள். ஆறு மதியங்கள், வரிசையாக. சின்ன, நேரான எழுத்து.

நான். நான். நான்.

அந்த வீட்டில் பென்சிலே கிடையாது.

"பகல்ல நான் மெஷின்கிட்ட நிக்கிறேன், நோட்டுல எப்படி எழுதுவேன்?" என்று அன்றிரவு வீடு திரும்பிய அப்பா முதலில் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. "ஞாயித்துக்கிழமை வேற வீடு பாப்போம்மா. ரெண்டே நாள். பாத்துக்கோ."

மறுநாள் மதியம் தொட்டிலைக் கூடத்துக்கு இழுத்து வந்தாள். பின்னறையைப் பூட்டினாள். நோட்டை மடியில் வைத்து, கதவுக்கு எதிரே உட்கார்ந்தாள். இன்று கண்ணயரவே கூடாது.

இரண்டு மணிக்கு உருண்டை சிணுங்கினாள். அம்மா எழப்போனாள்.

தட்.

மெத்தையில் உள்ளங்கை படும் சத்தம்.

தட். தட்.

சிணுங்கல் நின்றது. தொட்டிலருகே யாரும் இல்லை. புளித்த பால் வாடை மூக்கை நிறைத்தது. எழுந்து ஓட வேண்டும், பிள்ளையைத் தூக்க வேண்டும் என்று மனம் அலறியது. கால் அசையவில்லை. இமைகள் தாமாகவே இறங்கின.

கண் திறந்தபோது கூடம் மங்கியிருந்தது. நோட்டில் இரண்டு புதிய வரிகள்.

"அம்மா. தூங்கியது 2.20. எழுந்தது 5.40. தூங்க வைத்தவர்: நான்."

நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள்.

5.40.

மேல் வரி உருண்டையுடையது. தூங்கியது 2.10. எழுந்த நேரத்துக்கான இடத்தில் நேரம் இல்லை.

ஒரு கோடு இழுத்திருந்தது.

"உருண்டை... எந்திரிடா தங்கம்."

கன்னம் கதகதப்பாக இருந்தது. மூச்சு ஏறி இறங்கியது. உதட்டில் சிரிப்பு. உலுக்கியும் கண் மட்டும் திறக்கவில்லை. வாரித் தோளில் போட்டபோது ஈரத் துணிபோலத் துவண்டாள்.

ஒரு கையால் பிள்ளையைத் தாங்கியபடி, மறு கையால் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க... பாப்பா எந்திரிக்க மாட்டேங்குறா. சீக்கிரம் வாங்க."

"சரி, வரேன். முதல்ல தட்டுறதை நிறுத்தும்மா," என்றார் அப்பா பதற்றமாக. "நீ பேசுறது கேக்கல."

அவளுடைய இரண்டு கைகளும் நிறைந்திருந்தன.

குழந்தையின் முதுகில், நிதானமாக,

தட். தட். தட்.