நிழலை அளந்த நூல்

ஸாப்ரியான் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு பிளோவ்திவ் பஸ்ஸில் ஏறியதை அஸெனவ்கிராத்தில் எங்கள் தெரு முழுவதும் பார்த்தது. பார்க்காதது போலப் பார்த்தது. பால்கனியில் கம்பளம் உதறிக்கொண்டிருந்தவள், தூசி போன பிறகும் உதறிக்கொண்டே நின்றாள்.

பார்க்கவேண்டிய காட்சிதான். பிளோவ்திவ் ஒன்றும் சீமையில் இல்லை, அரைமணி பஸ் தூரம். அங்கே மேட்டுமேல் இருக்கும் பழைய நகரத்தில், இடிந்து கிடந்த ஒரு நீல மாளிகையைத் தூக்கி நிறுத்தியவனே இந்த ஸாப்ரியான்தான். பத்திரிகையில் படம்கூட வந்தது. ஆனால் "பிள்ளைங்களுக்கு அந்த வீட்டைக் காட்டேன்" என்று ரோஸிட்சா கேட்கும் ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்கு ஒரு வலி வந்துவிடும். ஒரு வாரம் முதுகு, ஒரு வாரம் பல். அங்கே அவனுக்கு ஒரு பெண் இருக்கிறாள் என்று தெருவில் பாதிப்பேர் முடிவு கட்டியிருந்தோம். மீதிப்பேருக்கு ஒரு பெண் போதாது.

இன்னொரு பழக்கமும் அவனுக்கு வந்திருந்தது. பஸ் நிறுத்தத்துப் பக்கம் போகாமல் மில்லைச் சுற்றிக்கொண்டு போவான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் அங்கே நின்றான். நின்றவன் நிறுத்தத்து மரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டே நின்றான்.

பிளோவ்திவில் இறங்கியதுமே போயானுக்கு மூத்திரம் வந்தது. அவனுக்கு நாலு வயது. வந்த பிறகுதான் சொல்வான். அவன் அக்கா கலினாவுக்கு ஏழு. பனிட்சா வாங்கிக் கொடுத்தால் உள்ளே இருக்கும் பாலாடைக்கட்டியை மட்டும் நோண்டித் தின்றுவிட்டு, மாவை அப்பன் கையில் திணித்தாள். கல் பாவிய சந்துகளில் ஏறினார்கள். பழைய அரங்கத்தின் படிகளில் ஏறி இறங்கினார்கள். ரோஸிட்சா எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் பிடித்தாள்.

"கொஞ்சம் சிரியேன் ஸாப்ரியான். பல்லுக்கு வைத்தியம் பண்ண வந்தவன் மாதிரி நிக்கிற."

"வெயில் கண்ணுல அடிக்குது."

"நீ கட்டின வீடு எந்தப் பக்கம்?"

"அது இன்னிக்கு மூடியிருக்கும்."

"ஞாயித்துக்கிழமையா? நடடா பேசாம."

மாளிகை திறந்துதான் இருந்தது. உள்ளே யாரும் இல்லை. காவலுக்கு இருந்த அம்மாள் நாற்காலியில் பின்னல் ஊசியோடு தூங்கிவழிந்தாள். மத்தியான வெயில் முற்றத்துக் கற்களில் வெள்ளையாகக் கொதித்தது. சூரியன் நடுத்தலையில். முற்றத்தில் எதற்கும் நிழல் இல்லை. ஒரு சத்தமும் இல்லை. சுண்ணாம்பு மணம் மட்டும் இருந்தது, நேற்றுப் பூசியதுபோலப் பச்சையாக. பூச்சு காய்ந்து மாதக்கணக்காகிறது என்பது பூசியவனுக்குத் தெரியாதா?

ஸாப்ரியான் வாசலைத் தாண்டவில்லை.

மூலைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். போன இலையுதிர் காலத்தில் அவனை அழவைத்த சுவர் அது. கட்டக் கட்ட வயிறு தள்ளிச் சரிந்தது. அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தார்கள், கலவையை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் கிழட்டுக் கொத்தன் கென்ச்சோ, வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"சேவல் அறுத்தும் நிக்கல. இது ஆள் கேக்குது. எங்க அப்பன் காலத்துல வழியில போறவன் நிழலை நூல் புடிச்சு அளந்து, அந்த நூலைச் சுவருக்குள்ள வெச்சுடுவாங்க. நிழல் உள்ள போயிடும். ஆளு நாப்பது நாள் தாங்க மாட்டான். செத்தவன் தலசம்ங்கிற காவல் ஆவியா வந்து காலத்துக்கும் கட்டடத்தைக் காப்பான்."

"அப்போ உன் நிழலை வைக்கலாமா கிழவா?" என்று கேட்டான் ஸாப்ரியான். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சந்தில் ஒரு குடும்பம் வந்தது. ஊர் சுற்றிப்பார்க்க வந்த குடும்பம். அம்மாவும் அப்பாவும் முதுகைக் காட்டியபடி ஜன்னல்களை அண்ணாந்து பார்க்க, பையன் மட்டும் கலவை எந்திரத்தைப் பார்க்க நின்றுவிட்டான். சாய்ந்த வெயிலில் அவன் நிழல் நேராகச் சுவரில் விழுந்தது. விளையாட்டோ, எரிச்சலோ, ஸாப்ரியான் நூலை எடுத்து அந்த நிழலின்மேல் பிடித்தான்.

"என்ன பண்றீங்க மாமா?"

"உன் உயரத்தை அளக்குறேன். இந்தச் சுவர்ல வெச்சா நீ நல்லா வளருவ."

பையன் அதை நம்பினான். குதிகால்களைச் சேர்த்து, மோவாயை உயர்த்தி, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றான். அளவு குறைந்துவிடக் கூடாதாம்.

நூலை அறுத்து மூலைக்கற்களுக்கு நடுவே வைத்தான் ஸாப்ரியான். சுவர் நின்றது.

முதல் பனி விழுவதற்குள், அஸெனவ்கிராத் பஸ் நிறுத்தத்து மரத்தில் புதிதாக ஒரு அஞ்சலித் தாள் ஒட்டியிருந்தது. ஸ்தோயில், எட்டு வயது, காய்ச்சல். படத்தில் அதே பையன். எங்கள் ஊர்தான், ஆற்றுக்கு அந்தப் பக்கம். ரொட்டிக்கடை வெஸ்காவின் ஒரே பிள்ளை. நாற்பதாம் நாளுக்கு ஒரு தாள், ஆறாம் மாதத்துக்கு ஒரு தாள் என்று வழக்கப்படி படம் புதுசு புதுசாக ஒட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஸாப்ரியானுக்கு மில் வழி. ஒரு பெண்ணைத் தேடி நாங்கள் எவ்வளவு பொழுதை வீணாக்கினோம்.

"அப்பா," என்று கூப்பிட்டாள் கலினா. "அந்த அண்ணன் கேக்குறான்."

முற்றத்தில் எந்த அண்ணனும் இல்லை.

"எந்த அண்ணன்?" என்றாள் ரோஸிட்சா.

"சுவர்கிட்ட நிக்குறான்ல. மறுபடியும் அளக்கச் சொல்றான். எவ்ளோ வளந்திருக்கேன்னு மாமாகிட்ட கேளுன்னு சொல்றான்."

ஸாப்ரியான் மறுபடி சுவரைப் பார்த்தான்.



அப்போதுதான் போயானைப் பார்த்தான். பிள்ளை மூலைச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றிருந்தான். குதிகால்களைச் சேர்த்து. மோவாயை உயர்த்தி. மூச்சை இழுத்துப் பிடித்து.

"போயான், இங்க வா."

பிள்ளை நகரவில்லை. கன்னம் உப்பியிருந்தது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

அவன் தலைக்குமேல், கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே, ஒரு நூல் முனை தொங்கியது.

ஸாப்ரியான் ஓடினான். ஒரு கையால் பிள்ளையைப் பிடித்தான், இன்னொரு கையால் நூலை இழுத்தான். நூல் வந்தது. ஈரமாக, மண் வாடையோடு வந்தது. அவன் வைத்த அளவு வந்தது. அதற்குமேலும் வந்தது. எட்டு வயதுப் பையனின் நெற்றியைத் தாண்டி, உச்சியைத் தாண்டி, இன்னும் ஒரு சாண் வந்தது.

வளர்ந்திருந்தான்.

சுவருக்குள் எங்கோ ஒரு கல் முனகியது. பூச்சு பொடிந்து தோளில் விழுந்தது. மேலே வரிசையாக ஜன்னல்கள் அதிர்ந்தன.

ஸாப்ரியான் நூலை விட்டுவிட்டான்.

சுவர் பிள்ளைமேல் விழுந்துவிடும் என்றுதான் விட்டேன் என்று பிறகு ரோஸிட்சாவிடம் சொன்னான். இருக்கலாம். ஆனால் பிள்ளை அதற்குள் அவன் கைக்குள் வந்துவிட்டான். இரண்டு எட்டு வைத்தால் வாசல். இன்னொரு இழுப்பு இழுத்திருந்தால் நூல் வந்திருக்கும், பையன் விடுபட்டிருப்பான், வீடும் வீட்டோடு சேர்ந்து பத்திரிகையில் வந்த பெயரும் மண்ணாகியிருக்கும். எதை நினைத்து விரல் விரிந்தது என்பது அந்த விரலுக்குத்தான் தெரியும்.

நூல் மெல்ல உள்ளே போனது. யாரோ நிதானமாகச் சுற்றிக்கொள்வதைப் போல.

திரும்பும் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொன்னான். ரோஸிட்சா கத்தவில்லை. மடியில் போயானை இறுக்கிக்கொண்டு, ஜன்னலையே பார்த்தபடி கேட்டாள்.

"வெஸ்கா பையனா?"

"ம்."

"நான் தினமும் அவகிட்டதான ரொட்டி வாங்குறேன்."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத. தெரிஞ்சவன் செய்யுற வேலையா?" பிள்ளைகள் காதில் விழாமல் சொன்னாள்: "இப்பவே போறோம். அவ கால்ல விழு. பெத்தவ வாயால மன்னிச்சேன்னு வந்தாதான் அது நம்ம பிள்ளையை விடும். அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கோ."

"என்னன்னு சொல்லுவேன்?"

"அளந்தேன்னு சொல்லு."

ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டே போனார்கள். பிள்ளைகளைக் கண்ணைவிட்டு விலக்க ரோஸிட்சாவுக்குத் துணிவில்லை. கதவைத் திறந்த வெஸ்கா கறுப்புச் சட்டையில், கை நிறைய மாவோடு நின்றாள். போயானைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அந்த முகம் மலர்ந்து நாங்கள் யாரும் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

"வாங்க, வாங்க. பிள்ளைங்க சத்தம் கேட்டு எவ்ளோ நாளாச்சு."

ஸாப்ரியான் முழங்காலை மடக்கினான். "வெஸ்கா, நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லலாம். நீ கொத்தன்தான, ஒண்ணு காட்டுறேன், நீயே பாத்துச் சொல்லு." அவன் தோளைப் பிடித்து எழுப்பி, சமையலறைக்கு இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்தினாள். "பைத்தியம்னு நெனைக்காத."

கதவு நிலையில் பென்சில் கோடுகள். பையனின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஒரு கோடு, பக்கத்தில் வயது. எட்டோடு வயதெழுதுவது நின்றிருந்தது.

கோடுகள் நிற்கவில்லை.

எட்டுக்கு மேலே மெல்லிசாக ஒன்று. அதற்குமேல் இன்னொன்று. படிப்படியாக, ஒரு சாண் உயரத்துக்கு.

"நான் போடல. அவரும் போடல. பனிக்காலத்துலேர்ந்து தானா வருது." வெஸ்கா மாவுக் கையைக் கோடுகளின்மேல் தொடாமல் ஓட்டினாள். "பாத்தியா ஸாப்ரியான். வளர்றான். எங்கயோ நல்லா இருக்கான், வளர்றான். இது மட்டும் இல்லன்னா நான் என்னிக்கோ ஆத்துல விழுந்திருப்பேன்."

பஸ்ஸில் ஒத்திகை பார்த்த வாக்கியம் ஸாப்ரியானின் தொண்டைவரை வந்தது. ரோஸிட்சா அவன் முதுகில் விரலால் குத்தினாள். வெஸ்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நல்ல வார்த்தைக்குக் காத்திருக்கும் பிள்ளையைப்போல.

"நல்லா வளர்றான்," என்றான்.

ரோஸிட்சாவின் விரல் விலகியது.

"இது மட்டும்தான் புரியல," என்று வெஸ்கா குனிந்தாள். நிலையின் மறுபக்கத்தில், கீழே, கரிய புதுக் கோடு ஒன்று. "இன்னிக்கு மத்தியானம் வந்திருக்கு. இவ்ளோ சின்னதா. ஸ்தோயில் நாலு வயசுல இதைவிட உசரம்."

நடந்து களைத்த போயான் கொட்டாவி விட்டபடி வந்து, அந்த நிலையில் சாய்ந்தான்.

கோடு அவன் உச்சிமுடியைத் தொட்டுக்கொண்டு போனது.

வெஸ்கா அதைப் பார்த்தாள். பிள்ளையைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்தது.

"ஓ, இவன்தானா," என்று போயானின் தலையை ஆசையாகத் தடவினாள். "அங்க தனியா இருக்கானேன்னு நெனச்சு நெனச்சு அழுதேன். துணைக்கு ஆள் கெடச்சிருச்சு."