நீல விளக்குக்குக் கீழே

அந்த ஜாடி எங்கே?

ஒக்னியன் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டிக்கொண்டிருந்தான். மேஜையில் இல்லை. மேல் அலமாரியில் இல்லை. ஜன்னலோரம் கழுவிக் கவிழ்த்த காலி ஜாடிகள்தான் நின்றன.

தாய்மாமா ஜிவோயினை அடக்கம் செய்துவிட்டு வந்தவன், கறுப்புக் கோட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

மாமாவுக்குக் காலையில் காப்பிக்கு முன்னால் ஒரு கரண்டி ஸ்லாட்கோ வேண்டும். சர்க்கரைப் பாகில் காய்ச்சிய வெள்ளைச் செர்ரி. அதைத் தின்றதும் ஒரு டம்ளர் தண்ணீர். குளிர்காலம் முழுக்க அந்த ஜாடிகளை நோவி சாத் நகரத்திலிருந்து கொண்டுவந்து கொடுத்தவன் ஒக்னியன்.

பாகில் ஆர்சனிக்கைக் கலந்தவனும் அவன்தான்!

கடைசி ஜாடி மட்டும் கையில் கிடைத்துவிட்டால், மாமாவின் இந்த வீடும் சூரியகாந்தி நிலமும் அவனுடையவை. போலீஸ் கையில் கிடைத்துவிட்டால்... சிறை!

கீழ் அலமாரியின் கைப்பிடியில் கை வைத்தான்.

டொக்... டொக்...!

வாசலில் இன்ஸ்பெக்டர் ஸ்லாவிட்சா. பருத்த உடம்பு, தோளில் துணிப்பை. சந்தைக்குப் போய்விட்டு வழியில் எட்டிப் பார்க்க வந்தவளைப் போல நின்றாள்.

"துக்க வீட்ல தொந்தரவு பண்றேன். பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட் வந்துடுச்சு. உங்க மாமா உடம்பு முழுக்க ஆர்சனிக்!"

இந்த நொடிக்காகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தான். நெஞ்சைப் பிடித்தான். நாற்காலியில் சரிந்தான்.

"ஐயோ... கிணறு! மாமாவை நான்தான் மேடம் கொன்னுட்டேன்!"

"என்னது?"

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கையைக் காட்டினான். சுவரில் ஒரு எஃகுக் குழாய். அதன் நுனியில் நீல வெளிச்சம் கசிந்தது.

"கிணத்துத் தண்ணியை டெஸ்ட் பண்ணிட்டு, ஆர்சனிக் இருக்குன்னு கடைக்கார திஹோமிர் சொன்னார் மேடம். ரெண்டு மெஷின் காட்டினார். ஒண்ணு ஆர்.ஓ., இன்னொண்ணு இந்த யு.வி. விளக்கு. ஆர்.ஓ. ஒரு பங்கு தண்ணியைச் சாக்கடைக்கு விட்டுடும்னார். மாமா சிக்கனக்காரர், மனசு கேக்காதேன்னு விளக்கை வாங்கிட்டேன். இது எல்லாத்தையும் கொன்னுடும்னு நெனச்சேன்..."

"விளக்கு கிருமியைத்தான் கொல்லும். ஆர்சனிக் என்ன, கால் முளைச்ச பூச்சியா?"

"தெரியாமப் போச்சே மேடம்!"

நன்றாகத் தெரியும்! தெரிந்துதான் விளக்கை வாங்கினான். இந்தப் பனாட் வட்டாரத்துக் கிணறுகளில் ஆர்சனிக் கிடப்பது ஊரறிந்த சங்கதி. பழி கிணற்றோடு போய்விடும். ஆர்.ஓ. வாங்கினால் தண்ணீர் சுத்தமாகித் தொலைக்குமே!

ஸ்லாவிட்சா பெருமூச்சு விட்டாள்.

"தெரியாம செஞ்ச தப்பு. விபத்துன்னு முடிச்சுட வேண்டியதுதான்."

அவன் வயிற்றில் பால் வார்த்தாள் மகராசி!

"அது சரி... வந்தவளுக்கு ஒரு வாய் ஸ்லாட்கோ தர மாட்டீங்களா? உங்க மாமா இருந்திருந்தா வாசல்லயே கரண்டியை நீட்டியிருப்பார்."

"தீ... தீர்ந்துடுச்சு மேடம்."

"பரவாயில்ல. நானே கொண்டுவந்துட்டேன்."

துணிப்பைக்குள் கை போனது. வெளியே வந்தது ஒரு ஜாடி. உள்ளே வெள்ளைச் செர்ரி!

"உங்க மாமா கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. அவர் செத்த அன்னிக்கே எடுத்துட்டோம்."



அவள் தொட்டிக்குப் போனாள். குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பினாள். மடக்... மடக்... என்று குடித்தாள்.

"மேடம்! அது ஆர்சனிக் தண்ணி!"

"அப்படியா?"

புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, காலாலேயே கீழ் அலமாரியைத் திறந்தாள்.

உள்ளே வெள்ளை உருளைகள். குழாய்கள். ஒரு சின்னத் தொட்டி.

ஆர்.ஓ. மெஷின்!

"நீங்க விளக்கை மாட்டிட்டுப் போன மறு வாரமே உங்க மாமா திஹோமிர் கடைக்குப் போயிருக்கார். 'பையன் ஆசையா வாங்கிக் குடுத்தான். தப்பான மெஷின்னு சொன்னா மனசு ஒடிஞ்சுடுவான். விளக்கு பாட்டுக்கு மேல எரியட்டும், சரியானதைக் கீழ ஒளிச்சு மாட்டுப்பா'ன்னாராம். சாக்கடைக்குப் போற தண்ணியை வாளியில புடிச்சு முற்றம் கழுவினாராம் மனுஷன்."

ஒக்னியனுக்குக் கண்ணாடி முன்னால் பழகாத அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஞாயிறுதோறும் மாமா தோளில் தட்டிச் சொல்வாரே... 'பாருடா, உன் விளக்கு எவ்வளவு அழகா எரியுது!'

"தண்ணி சுத்தம். அப்போ ஆர்சனிக் எதுல வந்துச்சு ஒக்னியன்?"

ஜாடியைத் திறந்தாள். ஒரு கரண்டி அள்ளி அவன் உதட்டருகே நீட்டினாள்.

"மாமா ஞாபகமா ஒரு வாய்."

"வேணாம்!"

"ஒரே வாய்."

"வேணாம்! அதுல விஷம் இருக்கு... நான்தான் கலந்தேன்! இந்தப் பாழாப்போன நிலத்துக்காக... மாமா... ஐயோ மாமா!"

வாசலில் காத்திருந்த போலீஸ்காரர்கள் உள்ளே பாய்ந்தார்கள். விலங்கு பூட்டப்பட்டது.

ஸ்லாவிட்சா நீட்டிய கரண்டியைத் தன் வாய்க்குள் போட்டுக்கொண்டாள்!

"மேடம்...!" அலறினான் ஒக்னியன்.

"கத்தாதே. உன் ஜாடியை உன் மாமா வழிச்சுத் தின்னுட்டு, பளபளன்னு கழுவி அதோ ஜன்னலோரம் கவுத்துட்டார். நீ கொண்டுவந்ததாச்சே! நீயா வாயைத் திறக்கற வரைக்கும் எங்க கையில ஒரு துளி ஆதாரம் கிடையாது."

"அப்போ... இது?"

"என் மாமியார் போட்டது."

அவள் கரண்டியை நக்கிச் சப்புக்கொட்டினாள்.

"அவங்க கையால செஞ்சதைத் தின்ன நானே பயப்படல... நீ எதுக்குப்பா இப்படி நடுங்கறே?"