மண்டியிட்டவன் முகம்

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த சீனியம்மாள், காட்டிய நாற்காலியில் உட்காரக்கூட இல்லை. “எம் புருசனைத் தூக்குல போட்ருவாங்க, பாய். செய்யாத கொலைக்கு வாயத் தொறக்காம உக்காந்திருக்காரு” என்றாள். துப்பறிவாளர் சிஹாபுதீனின் உதவியாளன் மருது நோட்டை எடுத்தான்.

கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று அவள் கணவன் காசிமாயனுக்கும் நல்லகாமனுக்கும் வழக்கு. சாட்சிக்காக, ராஜா கோட்டையைப் பிடித்த கதையைச் சொல்லும் கோயிலின் பழைய துணிப்படத்தை ஓவியர் பேயாண்டி தன் அறையில் நகலெடுத்துக்கொண்டிருந்தார். ‘படம் கோர்ட்டுக்குப் போச்சுன்னா கைய ஒடிச்சிருவேன்’ என்று காசிமாயன் மிரட்டியதை ஊரே கேட்டது. மறுநாள் ஜன்னல் வழியே பேயாண்டியின் பிணத்தைப் பார்த்தவர்கள் போலீசுக்கு ஓடினார்கள். அறைக்குள் முதலில் நுழைந்த இன்ஸ்பெக்டர் படத்தைச் சுருட்டி அரக்கு முத்திரை வைத்துவிட்டு, காசிமாயனை லாக்கப்பில் அடைத்தார்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டரோடு சிஹாபுதீனும் மருதுவும் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். வென்ற ராஜா ஆனை கணக்காக இருந்தார்; மற்றவர்கள் கோழிக்குஞ்சு அளவு. ஒருவன் மண்டியிட்டிருந்தான். இன்னொருவன் சாவியை நீட்டியபடி நின்றான். மண்டியிட்டவன் முகம் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது.

“அவன்தான் காசிமாயன் பூட்டன்னு ஊரே சொல்லுதுண்ணே. அவமானத்துல சுரண்டிட்டான்” என்றான் மருது.

“ஊருக்கே தெரிஞ்சத மறைக்க எதுக்குடா ஓவியரை மிரட்டணும்?” என்றார் சிஹாபுதீன்.

படத்தை மறுபடி சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு, எல்லோரையும் வரவழைத்தார். நல்லகாமன் முந்திக்கொண்டான்.

“இன்னும் என்ன விசாரணை? தம் பூட்டன் மூஞ்சியையே சுரண்டுனவன் ஓவியரை விடுவானா?”

“சுரண்டினது எங்க மூணு பேருக்குத்தானே தெரியும்? உங்களுக்கு யாரு சொன்னா?” என்றார் சிஹாபுதீன்.

நல்லகாமன் லாக்கப்பைக் கை காட்டினான். “காசிமாயனே எங்கிட்டச் சொன்னான்.”

சிஹாபுதீன் படத்தை விரித்து, சீனியம்மாள் பக்கம் திரும்பினார். “இதுல உங்க வீட்டு ஆளு யாரும்மா?”

“சொல்லாதடி!” என்று லாக்கப்பிலிருந்து காசிமாயன் அலறினான்.

அவள் கம்பியைப் பார்க்கவே இல்லை. “சாவி நீட்டுறவருதான், பாய். கோட்டைக் கதவைத் தொறந்துவிட்டு ஊரைக் காட்டிக் குடுத்தவரு. எங்க குடும்பத்த விட்டு வெளிய போகாத சங்கதி.”

“அப்போ காசிமாயன் சுரண்டினா இந்த முகத்தைத்தான் சுரண்டியிருப்பார்” என்று சாவிக்காரனைத் தொட்டுக் காட்டினார் சிஹாபுதீன். “ஊர்ப்பேச்சை நம்பினவன்தான் ஆள் மாறிச் சுரண்டி, பழியை இவர்மேல் போட்டிருக்கான்.”

நல்லகாமன் வாசலைப் பார்த்தான்; இன்ஸ்பெக்டர் மறித்து நின்றார். நகலில் ராஜா பக்கத்தில் தன் பூட்டனைச் சேர்த்து வரையச் சொன்னதையும், பேயாண்டி மறுத்ததையும், சுத்தியலை எடுத்து அடித்ததையும் அவனே சொன்னான்.

வெளியே வந்த காசிமாயன் மனைவியை நிமிர்ந்து பார்க்கவில்லை. “இனிமே ஊருக்குள்ள எப்படித் தலை காட்டுவேன்?”

“உசுரோட காட்டுவீகல்ல?” என்றாள் சீனியம்மாள்.

 காசிமாயன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். அவள் பத்தடி தள்ளிப் பின்னால் போனாள்.