குவைத் போர்வை

அனிட்டா அடுப்படியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சொம்பு குடத்தில் மோதும் ஓசையும் அவள் மடக் மடக்கென்று விழுங்குவதும் இருட்டில் தெளிவாகக் கேட்டன. ஆனால் அவள் எழுந்து வந்த கட்டிலின் தலைமாட்டில் சிவப்பு விளக்கு, ஆள் படுத்திருப்பதுபோலவே, நிதானமாக மின்னி மின்னி அணைந்துகொண்டிருந்தது.

கட்டிலில் யாருமில்லை. போர்வை மட்டும் கிடந்தது.

எங்கோ பற்றவைப்பு சரியில்லை என்றுதான் அருள்பிரகாஷ் முதலில் நினைத்தான். மாயவரத்தில் டிவி, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கிறவன் வேறென்ன நினைப்பான்? அந்தக் கருவி அவனே செய்தது. மகள் அனிட்டாவுக்கு அம்மாவைப்போல மூச்சிழுப்பு. அவனோ படுத்தால் கட்டை; அவள் திணறினாலும் விழிக்கமாட்டான். பாட்டுப் பாடும் பொம்மைக்குள் ஒரு பித்தளை வில்லை இருக்கும். அதற்கு மின்சாரம் கொடுத்தால் சத்தம் போடும். அதையே அழுத்தினால், திருப்பி நமக்கு ஒரு துளி மின்சாரம் கொடுக்கும். மெத்தைக்கு அடியில் வைத்தால் நெஞ்சு ஏறி இறங்கும் அசைவே அதற்குப் போதும். அந்தத் துளியை ஒரு ஐசி பெரிதாக்கும். மூச்சுக்கு ஒருமுறை விளக்கு மின்னும். மின்னுவது நின்றால் காலிங்பெல் அலறும்.

"என்ன அருளு, புள்ள மூச்சுக்கு மீட்டர் மாட்டியிருக்கியாமே? யூனிட் எவ்வளவு?" என்று பக்கத்துக் கடை மூஸா பாய் கேலி செய்திருந்தார்.

பகலில் சோதித்தபோது ஒரு கோளாறும் இல்லை. மறுநாள் இரவு, அனிட்டாவைக் கூடத்தில் படுக்கவைத்து, மணியின் ஒயரைக் கழற்றிவிட்டு, ஆளில்லாத கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்தான். வெகுநேரம் விளக்கு சும்மா இருந்தது. ஊர் அடங்கியபின், தானாகத் தொடங்கியது. மின்விசிறியை நிறுத்தினான். மின்னியது. வீட்டு பியூஸையே பிடுங்கினான். பேட்டரியில் மின்னியது. தூரத்துப் பம்புசெட்டின் அதிர்வோ என்று கட்டில் கால்களுக்கு ரப்பர் வைத்தான். மின்னியது.

போர்வையைத் தூக்கினான். நின்றது. திரும்பப் போட்டான்.

மின்னியது.

ரோஜாப்பூ போட்ட தடித்த போர்வை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்த்த அவன் மனைவி ரோஸ்லினின் சாமான்களோடு வந்தது. "தூக்கத்துலயே போயிட்டாங்க. நிம்மதியான சாவு" என்று ஏஜென்ட் போனில் சொன்னான். சவப்பெட்டி ஆணியடித்தே வந்தது. திறக்கக்கூடாது என்றார்கள். அவள் முகத்தைப் பார்க்காமலே கல்லறையில் இறக்கினார்கள்.

புழுக்கத்தில் அனிட்டா விழித்து வந்தாள். "ஃபேன் ஏம்ப்பா நின்னுபோச்சு?"

"ஒண்ணுமில்ல பாப்பா. இவ்வளவு நேரம் எரியாத விளக்கு இப்ப எரியுது. அதான் பாக்குறேன்."

அவள் கண்ணைக் கசக்கினாள். "அம்மா இப்பதாம்ப்பா படுப்பாங்க. அங்க ரெண்டரை மணி நேரம் கம்மியில்ல? 'நீங்க பாதி தூக்கம் தூங்கினப்புறம்தான் நான் கட்டையச் சாய்ப்பேன்'னு சொல்வாங்களே."

சொல்லிவிட்டுப் போய்த் தூங்கிவிட்டாள். அவன் தூங்கவில்லை. போர்வைமேல் காதை வைத்தான். பாத்திரம் தேய்க்கும் பவுடரின் நெடி. அதற்கும் உள்ளே, மிகத் தூரத்தில், மெல்லிய விசில்போல இழுப்பு. விடியும் நேரத்தில் விளக்கு வேகமெடுத்தது. இன்னும் வேகம். துடிப்பு. நீளமாக ஒன்று.

நின்றது.

அடுத்த இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும்.

நிம்மதியான சாவா அது? அவள் போனில் சொல்லியிருந்த, குவைத்தின் ஜன்னலில்லாத அந்த அறையில் ஒவ்வொரு விடியலுக்கும் அவள் தனியாகத் திணறிக்கொண்டிருந்தாள். எழுப்பி உட்காரவைத்து முதுகைத் தடவினால் தணிந்துவிடுகிற இழுப்புதான். அனிட்டாவுக்குத் தணிகிறதே. அங்கே எழுப்ப ஆளில்லை.

தன் தவறு அவனுக்கு அப்போதுதான் புரிந்தது. மூச்சு நின்றபிறகு மணி அடித்து என்ன பயன்? சர்க்யூட்டை மாற்றினான். கெப்பாசிட்டர் என்பது அடியில் ஓட்டையுள்ள வாளி. ஒவ்வொரு மூச்சும் அதில் ஒரு குவளை ஊற்றும். நிதானமாக ஊற்றினால் ஒழுகிவிடும். வேகமாக ஊற்றினால் நிரம்பும். நிரம்பியதும் மணி. அவசரத்தில் ஈயம் இரண்டுமுறை விரலில் சொட்டியது.

அன்றிரவு அனிட்டா கூடத்தில் தூங்கினாள். நாற்று நட்ட வயல்களிலிருந்து தவளைச் சத்தம் அலையலையாக வந்தது. விளக்கு நிதானமாக மின்னியது. விடியும் நேரம். வேகமெடுத்தது. தவளைகள் அடங்கின. எல்லாம் ஒரே சமயத்தில். வேகம். இன்னும் வேகம். விசில் அறைக்குள் கேட்டது.

மணி அலறியது.

விளக்கு தடுமாறியது. ஓர் இடைவெளி.

மறுபடி மின்னியது. நிதானமாக.

அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "எந்திரிச்சு உக்காரு ரோசு. சரியாயிடும். உக்காரு."

போர்வையின் நடுப்பகுதி மெல்ல உயர்ந்தது. உட்கார்ந்த ஒரு பெண்ணின் உயரத்துக்கு. ஈரப் பலகை வாடை. மண் வாடை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ரோஜாப்பூக்கள் உள்ளே இழுபட்டன. வெளியே உப்பின. மறுபடி இழுபட்டன.

"அம்மா?" கூடத்திலிருந்து அனிட்டாவின் குரல்.

போர்வை அந்தப் பக்கம் திரும்பியது.

மூச்சு வேகமெடுக்கும்போதே மணி அடித்தால் ஆள் எழுந்துவிடும். மணி அடித்தது. ரோஸ்லின் எழுந்துவிட்டாள்.