அத்தை காலமாகிவிட்டார்

"எங்கம்மா உயிரோட இருக்கும்போதே செத்துட்டதா ஒருத்தி எழுதிக் குடுத்துட்டா, சார். யாருன்னு எனக்குத் தெரியும். நீங்க நிரூபிச்சுக் குடுத்தா போதும்."

வந்தவள் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட்டாள். கண்ணாடிக்கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். முகக்கவசத்துக்கு மேலே தெரிந்த கண்கள் அழுது அழுது வீங்கியிருந்தன. பின்னால் வந்த கணவன் அவளுடைய கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதவோரம் ஒடுங்கி உட்கார்ந்தான்.

துப்பறிவாளரைத் தெருவில் எல்லோரும் 'நிதானம்' என்றுதான் சொல்வார்கள். அவர் எழுந்து ஜன்னல்களை நன்றாகத் திறந்துவிட்டார். பக்கத்து அறையில் தொலைக்காட்சி இன்றைய தொற்று எண்ணிக்கையை அலறிக்கொண்டிருந்தது.

"அத்தை, சத்தத்தைக் கொஞ்சம் கொறைங்க" என்று குரல் கொடுத்தார். அவருடைய மனைவியின் தாய் முணுமுணுத்துக்கொண்டே குறைத்தார்.

"எங்கம்மாவுக்குக் காது மந்தம், தப்பா எடுத்துக்காதீங்கக்கா" என்றான் அறை மூலையில் நின்ற மைத்துனன். விமான நிலைய டாக்சி ஓட்டியவன். விமானங்கள் நின்றுபோனதிலிருந்து வேலையில்லை. அத்தானின் துப்பறியும் வேலையில் அழைக்காமலே மூக்கை நுழைப்பதுதான் இப்போது அவனுக்குப் பொழுதுபோக்கு.

"ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க" என்றார் நிதானம்.

அவள் சொன்னாள். கடல் தாண்டிச் சொந்த ஊரில் அம்மாவுக்கு நோய் முற்றி, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எல்லைகள் மூடியிருந்தன. சாகக் கிடக்கும் தாய் தகப்பனைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு மட்டும் சிறப்பு அனுமதி உண்டு. உயிர் போய்விட்டால் அந்த அனுமதியும் போய்விடும். காரியத்துக்கென்று யாரையும் உள்ளே விடுவதில்லை.

"அலையா அலைஞ்சு அந்த அனுமதிய வாங்கினேன். பரிசோதனை பண்ணினேன், தொற்று இல்லன்னு வந்துச்சு. கிளம்புறதுக்கு முந்தின நாள், வழியில மாறவேண்டிய ஊர்ல இனிமே யாரையும் இறங்க விடமாட்டோம்னுட்டாங்க. டிக்கெட் ஏஜெண்ட் கையில கால்ல விழுந்து தீவு வழியா மாத்தினேன். அந்தத் தீவு விமான நிலையத்துல இறங்கினதும் என்னைத் தனியா நிறுத்திட்டாங்க. உங்க அனுமதி ரத்தாயிடுச்சு, உங்கம்மா இறந்துட்டாங்களாமேன்னாங்க."

கணவன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ஆனா அப்ப அம்மா உயிரோடதான் இருந்தாங்க. அனுமதி குடுத்த அலுவலகத்துக்கு யாரோ செய்தி அனுப்பியிருக்காங்க. பாஸ்போர்ட் எண்ணைப் போட்டா போதுமாம், அனுப்பினது யாருன்னுகூடக் கேக்க மாட்டாங்களாம். திரும்பக் கேட்டா, சரிபார்க்க ரெண்டு வேலை நாள் ஆகும்னாங்க. மறுநாளே அம்மா போயிட்டாங்க. என்னை வந்த வழியே அனுப்பிட்டாங்க."

கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினாள். தீவின் அதிகாரி தன் திரையில் காட்டிய செய்தியை அவள் படம் பிடித்திருந்தாள். நிதானம் அதை வாய்விட்டுப் படித்தார்.

'அத்தை இன்று காலை காலமாகிவிட்டார். ஆகவே மகள் வர வேண்டியதில்லை. தீவிலிருந்தே திருப்பி அனுப்பிவிடவும். இப்படிக்குக் குடும்பத்தார்.'

"பாத்தீங்களா? அத்தைன்னு போட்டிருக்கா! எங்க அண்ணிதான். எங்கம்மாவ அவ அப்படித்தான் கூப்பிடுவா. நான் வந்து பங்கு கேப்பேன்னு பயம்."

"அண்ணன்கிட்ட பேசினீங்களா?"

"தீவுல இருந்தே கூப்பிட்டேன். நான் எங்க இருக்கேன்னு சொன்னதும், தீவுக்கு எதுக்குப் போனேன்னு கேட்டான். அவனுக்கு வழி மாறினது தெரியாது. அங்க இருக்கிற கஷ்டத்துல இத வேற எதுக்குச் சொல்லணும்னு நான் சொல்லல. அப்புறம் அண்ணிய வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வச்சேன். அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

மைத்துனனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "அத்தான், எனக்கென்னமோ ஏஜெண்ட் மேலதான் சந்தேகம். வழிய மாத்தினதே அவன்தானே? பாஸ்போர்ட் எண்ணும் அவன்கிட்ட இருக்கும்!"

"சரி. அவன் எதுக்கு இவங்க அம்மாவ அத்தைன்னு எழுதணும்?"

மைத்துனன் தலையைச் சொறிந்தான்.

நிதானம் அவளிடம் திரும்பினார். "உங்க வேலை எப்படி? லீவு குடுத்தாங்களா?"

"ரொம்ப யோசிச்சுதான் குடுத்தாங்க. இங்கேருந்து வெளிய போனவங்கள எப்பத் திரும்ப விடுவாங்கன்னு யாருக்கும் தெரியாது. என் வேலைய வச்சுத்தான் நாங்க நாலு பேரும் இந்த நாட்டுல இருக்கோம், சார். இவருக்கும் பிள்ளைங்களுக்கும் விசாவே என் விசாவோட சேர்ந்ததுதான். ஆனா பெத்தவளப் பாக்கணுமே."

நிதானம் கைபேசியை வாங்கி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, "நான் சொல்லப்போறத உங்க வீட்டுக்காரர் வெளிய இருக்கும்போது கேக்கறீங்களா?" என்று கேட்டார்.

"எதுக்கு? அவருக்குத் தெரியாதது எங்கிட்ட என்ன இருக்கு? சொல்லுங்க."

"இந்தச் செய்தியில ரெண்டே வார்த்தைதான் முக்கியம். ஒண்ணு தீவு. உங்க அண்ணன் வீட்டுக்கு அது தெரியாது. அண்ணன் கேட்ட கேள்வியே சாட்சி. ஆனா நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடியே இந்தச் செய்தி போயாச்சு. அப்ப அண்ணி எழுதியிருக்க முடியாது."

அவள் கைபேசியைத் திரும்ப வாங்கி, அந்தச் செய்தியைத் தானே படித்தாள்.

"இன்னொண்ணு அத்தை. தீவு விஷயம் தெரிஞ்ச ஏஜெண்டுக்கு உங்கம்மா அத்தை இல்ல. அவன் எழுதியிருந்தா தாயார்னு எழுதியிருப்பான். அப்ப ரெண்டும் பொருந்தற ஆள் யாரு? வழி மாறினதும் தெரியணும், உங்கம்மா அத்தையாவும் இருக்கணும். அண்ணிக்கு மட்டும்தான் மாமியார் அத்தையா? நான் இப்ப உள்ள பாத்து யாரை அத்தைன்னு கூப்பிட்டேன்?"

மைத்துனன் பக்கத்து அறையைப் பார்த்தான். பிறகு கதவோரம் பார்த்தான். அவன் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

கணவன் மடியிலிருந்த பையைக் கீழே வைத்தான்.

"பொய்யா எழுதணும்னு கிளம்பல, சார்" என்றான். "இவள விமான நிலையத்துல விட்டுட்டு வீட்டுக்கு வந்தேன். சின்னவ, அம்மா எப்ப வருவான்னு கேட்டா. போனவங்க ஆறு மாசமா அங்கேயே மாட்டிக்கிட்டு நிக்கறாங்க. இவ வேலை போச்சுன்னா எங்க மூணு பேரையும் வெளிய அனுப்புவாங்க. போறதுக்கு விமானமும் இல்ல. அவசர அவசரமா அந்தச் செய்திய அடிச்சு அனுப்பினேன். பழக்கத்துல அத்தைன்னு வந்துடுச்சு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் அவள். குரலில் கோபம்கூட இல்லை.

"சொல்லியிருந்தா போகாம இருந்திருப்பியா?"

"மாட்டேன். போயிருப்பேன்."

"அதான் சொல்லல. எப்படியும் பொழைக்க மாட்டாங்கன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அவங்க ஒருத்தர், நாங்க மூணு பேரு."

"ஒரு மாசமா நான் அண்ணிய சபிச்சிட்டிருக்கேன். நீ பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டே இருந்தியே. இங்க வர்றதுக்கு வண்டிகூட நீதானே ஓட்டின?"

அவன் கீழே வைத்த பையை எடுத்து மறுபடி மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் அங்கேயே அண்ணியை அழைத்தாள். மணி நீளமாக அடித்த பிறகு எடுத்தார்கள்.

"அண்ணி, நான்தான். நீங்க செய்யல. எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது. என்னை மன்னிச்சிடுங்க."

மறுமுனையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அமைதியான அந்த அறையில் அண்ணியின் பேச்சு எல்லோருக்கும் கேட்டது.

"என்னைத் திட்டினது போகட்டும். எனக்கு அதெல்லாம் பழகிப்போச்சு. அன்னிக்கு நீ கூப்பிட்டதும், மக குரலக் கேட்டா அத்தை கண்ணத் திறப்பாங்கன்னு உங்கண்ணன் போன அவங்க தலைமாட்டுல சத்தமா வச்சாரு. நீ பேசின அத்தனையும் அவங்க கேட்டாங்க. திறந்த கண்ணு என்னையே பாத்துச்சு, நான் என்னமோ பண்ணிட்ட மாதிரி. அதுக்கப்புறம் அவங்க ஒரு வார்த்தை பேசல. அவங்ககிட்ட நான் எப்படிப் போய் இல்லன்னு சொல்றது?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அவள் எழுந்து வாசலுக்கு நடந்தாள். மைத்துனன் பின்னாலேயே ஓடினான். "அக்கா, என் வண்டி கீழதான் நிக்குது. நான் கொண்டுபோய் விடறேன், வாங்க."

"வேற வேற வீட்டு ஆளுங்க ஒரே வண்டியில போகக் கூடாதுல்ல? தெருமுனையில போலீஸ் நிக்குது" என்றாள். "பிள்ளைங்களுக்குச் சோறு போடணும்."

கணவன் காரின் முன்கதவைத் திறந்து பிடித்தான். அவள் பின்கதவைத் தானே திறந்து ஏறி, ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்தாள். வேறு எங்கும் போவதற்கு எந்த நாட்டின் கதவும் அப்போது திறந்திருக்கவில்லை.