மயக்க ஊசிக்கு முன்னால்

"எனக்குன்னு இருக்கறது அவன் ஒருத்தன்தான்! அதுகூட உனக்குப் பொறுக்கலையா?"

காலைக் காப்பியை மேசையில் வைத்தவள் அப்படியே நின்றாள். நாத்தனாரின் குரல் தெருவரை கேட்டிருக்கும். கணவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நாத்தனார் பள்ளி ஆசிரியை. கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தபோது அவளோடு வந்தது சின்னவன் மட்டும்தான். பதினோரு வயது நாய். பல் சொத்தையாகித் தாடை வீங்கியிருந்தது. முந்தைய நாள் மயக்க ஊசி போட்டுப் பல்லைப் பிடுங்குவதாக ஏற்பாடு. நாத்தனாருக்கு விடுப்பு கிடைக்காததால் இவள் கூட்டிப்போனாள். பிடுங்காமலே திருப்பி அழைத்து வந்துவிட்டாள்.

"ரத்தம் எடுத்திருக்காங்க அண்ணி... முடிவு இன்னிக்கு வந்துடும்..."

"பல்லு புடுங்க எதுக்குடி ரத்தம்? வலியில ஒரு வாய் சோறு எறங்கல அவனுக்கு... உனக்கென்ன, பெத்தவளுக்குல்ல தெரியும்!"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவள் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை.

மருத்துவமனைப் படிவத்தைப் போன வாரமே நாத்தனார் நிரப்பிக் கொடுத்திருந்தாள். 'மயக்க மருந்துக்கு முன் ரத்தப் பரிசோதனை' என்ற இடத்தில் 'வேண்டாம்' என்று எழுதியிருந்தது. இன்னொரு ஊசிக்குத்து எதற்கு, பாவம் என்று நினைத்திருப்பாள். ஆனால் பகலெல்லாம் நாயோடு இருப்பவள் இவள். தண்ணீர்ச் சட்டி தினமும் மூன்று தடவை காலியாவது இவளுக்குத்தான் தெரியும். அதை டாக்டரிடம் சொன்னதும் அவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். நாத்தனாரின் எழுத்தை அடித்துவிட்டு, இவள் கீழே கையெழுத்துப் போட்டாள்.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். காப்பி யாரும் தொடாமல் ஆறிக் கிடந்தது. பதினெட்டு வருஷமாக இந்த வீட்டில், நீ சாப்பிட்டாயா என்று அவளைக் கேட்டவர் இல்லை. சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். சின்னவன் மெல்ல வந்து அவள் மடியில் வீங்கிய தாடையை வைத்தான்.

"நீயாவது எம்மேல கோவப்படாதடா..." என்று அவன் தலையைத் தடவினாள்.

மதியம் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அவள் நாயோடு போய்ச் சேர்ந்தபோது, நாத்தனாரும் பள்ளியிலிருந்து நேராக ஓடி வந்திருந்தாள்.

"சிறுநீரகம் பழுதாகியிருக்கும்மா. வெளிய பாத்தா தெரியாது, அவ்ளோ தண்ணி குடிச்சதுதான் அடையாளம்," என்றார் டாக்டர். "மயக்கத்துல ரத்த அழுத்தம் எறங்கும். அதை இந்தச் சிறுநீரகம் தாங்காது. நேத்து எப்பவும் போல ஊசி போட்டிருந்தா... கண்ணு முழிக்காமலே போயிருக்கலாம். இப்ப தெரிஞ்சுபோச்சு. முதல்ல டிரிப்ஸ் ஏத்தித் தேத்துவோம். அப்புறம் அவனுக்கு ஒத்துக்கற மருந்தா, அளவு பாத்துக் குடுக்கலாம்."

மேசையில் கோப்பு திறந்தே இருந்தது. நாத்தனார் தன் கையெழுத்தைப் பார்த்தாள்... அடித்த 'வேண்டாம்'... அதன் கீழே தம்பி மனைவியின் கையெழுத்து...

"நாந்தான் வேண்டாம்னு எழுதினேன்... காலையில அவ்ளோ பேச்சு பேசினேனே... ஏண்டி வாயத் தொறக்கல?"

"சொன்னா நீங்க உங்களையே திட்டிக்குவீங்க அண்ணி. அதுக்குப் பதிலா என்னையே திட்டுங்கன்னு இருந்துட்டேன்... எனக்குப் பழக்கம்தானே."

அந்தக் கடைசி வார்த்தையில் நாத்தனார் உடைந்துபோனாள். "அப்படிச் சொல்லாதடி! அப்படிச் சொல்லாத!" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டு விம்மினாள்.

பதினைந்து நாள் கழித்துப் பல் எடுக்கப்பட்டது. கணவர் வரவில்லை, வேலை என்றார். வெளி பெஞ்சில் இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள். கதவு திறந்ததும் நாத்தனார் உள்ளே ஓடினாள். இவள் வழக்கம்போல் வெளியிலேயே நின்றுகொண்டாள்.

ஒரு நிமிஷத்தில் நாத்தனார் கதவருகே திரும்பி வந்தாள். கண்ணெல்லாம் நீர்.

"அங்க ஏன் நிக்கிற? உள்ள வா... கண்ணு முழிச்சதும் உன்னத்தான் தேடறான்!"