கடைசி முடிச்சில் இரண்டு மீன்கள்

கயிற்றில் இருபத்திரண்டு முடிச்சு போட்டவள் துர்காதேவி. வலை பின்னிப் பழகிய கை, தூக்கத்தில் போட்டாலும் எண்ணிக்கை பிசகாது. பிள்ளைக்கு ஒரு முடிச்சு, அதைப் பிடித்துக்கொண்டே வரிசையாக நடக்க வேண்டும். போன வருஷ ஊர்வலத்தில் தக்காளி வேஷம் கட்டிய ஒரு வாண்டு லாரி ரோட்டுக்கு ஓடிவிட, அதற்கப்புறம் வந்த ஏற்பாடு இது. பள்ளி வாசலில் கயிற்றை விரித்துப் போட்டபோதுதான் கவனித்தாள். கடைசி முடிச்சுக்கு இரண்டடி தள்ளி இன்னொரு முடிச்சு இருந்தது.

அவள் கை வாகுதான் அது. ஆனால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் சுற்றெல்லாம் மறுபக்கம் திரும்பியிருந்தது. தொட்டுப் பார்த்தாள், ஈரமாக இருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனாள். பழவேற்காட்டு ஏரிச் சேற்றின் வாடை அடித்தது. ஏரி இங்கிருந்து எவ்வளவு தூரம்!

"பீட்டர் சார், இதுல ஒரு முடிச்சு ஜாஸ்தியா கீது."

விளையாட்டு வாத்தியார் பீட்டர் விசிலை வாயிலிருந்து எடுக்காமலே சிரித்தார். "இருந்துட்டுப் போவட்டும்மா. கொறஞ்சாதான் பேஜாரு."

பள்ளியை நடத்தும் தானியேல் ஒருமுறை கோவாவுக்குப் போய்வந்தார். வந்த நாளிலிருந்து தவக்காலத்துக்கு முந்தைய சனிக்கிழமை இந்த நர்சரிப் பள்ளிக்குக் கார்னிவல். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள் ஒரு சுற்று, மாறுவேட ஊர்வலம், வந்ததும் ஐஸ்கிரீம். போலீஸ் உண்டு, கத்திரிக்காய் உண்டு, பாரதமாதா மட்டும் மூன்று பேர். துர்காவின் மகள் இளமதி, ஐந்து வயது, மீன். வாடகை வேஷத்துக்கு மனசு ஒப்பாமல் பதினெட்டு நாள் உட்கார்ந்து, சாக்லேட் தாளை வெட்டிச் செதில் செதிலாக ஒட்டி, தலையை முழுக்க மூடும் மீன் முகமும் செய்து, கண்ணுக்கு நீல வளையல் துண்டு பதித்திருந்தாள். இடது விலாவில் ஒரு செதில் தலைகீழாக ஒட்டிக்கொண்டுவிட்டது. திருஷ்டிக்கு ஆகட்டும் என்று விட்டுவிட்டாள்.

துர்கா பிறந்த பழவேற்காட்டுக் குப்பத்தில் வேஷம் கட்டிய பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். ஆடி மாசம் அம்மனுக்கு வேஷம் கட்டினால் புலி புலிதான், கரடி கரடிதான். முகம் மூடிய பிறகு பேர் அந்தரத்தில் நிற்குமாம். கூப்பிட்டால், அந்தப் பேருக்காகக் காத்திருப்பது எதுவோ அது வந்து பேரை எடுத்துக்கொள்ளுமாம். ஊர்வலம் முடிந்ததும் பெற்றவள் ஏரித் தண்ணீரால் முகத்தைக் கழுவி, அப்புறம்தான் பேரைத் திருப்பிக் கொடுப்பாள். கல்யாணமாகி இங்கே வந்து எட்டு வருஷம் ஆகியும் துர்காவால் அதை விட முடியவில்லை. கணவன் குப்பன் உருக்காலையில் ஷிஃப்டுக்குப் போகிறவன், அவன்கூட இதில் மட்டும் கேலி பேச மாட்டான். துர்காவின் கைப்பையில் ஒரு பாட்டில் ஏரித் தண்ணீர் இருந்தது.

மீன் முகத்தை மாட்டும் முன் இன்னொரு தரம் சொன்னாள்.

"பேர் சொல்லி யாரு கூப்ட்டாலும் ஏன்னு கேக்கக்கூடாது. திரும்பக்கூடாது. வாயே தொறக்கக்கூடாது."

"நீ கூப்ட்டா?"

"நான் கூப்ட்டாலும்தான். என் கொரல்ல வேற யாருனா கூப்புடுவாங்க. பேரு காதுல வுழுந்துச்சுன்னா அப்பாலிக்கி எதுக்கும் திரும்பாத. மூஞ்சில தண்ணி படற வரைக்கும் நேரா நடந்துகினே இரு. இன்னா?"

குழந்தை தலையை ஆட்டியது. சொன்ன சொல் தட்டாத பிள்ளை. பெருமைதான் துர்காவுக்கு.

நாலரை மணிக்குக் கிளம்பினார்கள். முன்னால் பேண்டு செட்டு, வாலில் துர்கா. இருபத்திரண்டாவது முடிச்சில் மீன். அதற்கப்பால் அந்த ஈர முடிச்சு. அது ரோட்டில் இழுபட வேண்டியது, ஆனால் இழுபடவில்லை. யாரோ பிடித்திருப்பதுபோல் இடுப்புயரத்தில் விறைப்பாக வந்துகொண்டிருந்தது. காற்றுதான் என்று நினைத்துக்கொண்டாள். காற்றே இல்லை.

தொழிற்பேட்டை ரோட்டில் டிரெய்லர்கள் புழுதியை வாரி இறைத்தன. துருவும் கருகிய எண்ணெயும் கலந்த வாடை தொண்டையில் படிய, பேண்டு சத்தத்துக்கு அடியில் ஆலைகளின் உறுமல் உள்ளங்கால் வழியாக ஏறியது. அதற்கும் அடியில் வேறொரு சத்தம் கேட்டது. சளக், சளக். ஈரக் கால் தார் ரோட்டில் படும் சத்தம். இளமதியின் காலைப் பார்த்தாள். உலர்ந்த செருப்பு.

உருக்காலை மதிலோரம் போகும்போது சைரன் ஊதியது. புகைக்கூண்டிலிருந்து செந்தூசு மடமடவென்று இறங்கி ரோட்டை மூடியது. பிள்ளைகள் இருமினார்கள். "கயித்த வுடாதீங்க, கயித்த வுடாதீங்க" என்று பீட்டர் எங்கிருந்தோ கத்தினார். துர்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு எட்டு வரை எண்ணினாள்.

தூசு விலகியபோது வாலில் இரண்டு மீன்கள் நின்றன.

ஒரே உயரம். ஒரே வெள்ளி. நீல வளையல் கண்கள். இரண்டின் விலாவிலும் ஒரு செதில் தலைகீழாக இருந்தது. அவள் விரல் தவறிய செதில். அது எப்படி இரண்டு இருக்க முடியும்? எந்த விலாவில் ஒட்டினோம் என்று யோசித்தாள். இடதா, வலதா? பயத்தில் அதுகூட மறந்துபோயிற்று.

ஓடிப்போய் பீட்டரின் சட்டையைப் பிடித்தாள். "சார், ரெண்டு மீனு கீது சார்."

"வாடகைக் கடையில ஒரே மாதிரி பத்து வெச்சிருப்பான்மா. வரிசைய நிறுத்தாதீங்க, பின்னாடி வண்டி வருது."

திரும்பி வந்தாள். "மீனே."

இரண்டும் பார்த்தன.

"என் மீனு எது? கையத் தூக்கு."

இரண்டும் கையைத் தூக்கின.

பாட்டிலைத் திறந்து இரண்டு முகத்திலும் தெளித்திருக்கலாம். அப்போதே தெளித்திருக்கலாம். ஆனால் ஒரு மீன் கயிற்றை விட்டுவிட்டது. சாவகாசமாக நடு ரோட்டுக்குப் போய் நின்றது. கம்பி ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. நாற்பதடி. முப்பதடி. டிரைவர் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

பெற்ற வயிறு யோசிக்குமா.

"இளமதி!"

ரோட்டில் நின்றது சட்டென்று திரும்பியது. "இன்னாம்மா?" அதே குரல். ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. டிரெய்லர் முதுகை உரசினாற்போல் கடந்தது. துர்கா ஓவென்று அழுதுவிட்டாள். தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "என் தங்கம், என் சாமி."

இன்னொரு மீன் அருகே வந்தது. வாய் பேசவில்லை. கைப்பையைத் தட்டியது. மீன் முகத்தை அவளை நோக்கித் தூக்கிக் காட்டி, மறுபடியும் கைப்பையைத் தட்டியது.

"போ. ச்சீ, போ அந்தாண்ட." கையில் ஓங்கி அடித்தாள். சின்னக் கை. சூடான கை.

அது கொஞ்ச நேரம் நின்றது. வெள்ளித் தோள்கள் குலுங்கின. அப்புறம் ஊர்வலம் போன பக்கம் நேராக நடந்தது.

துர்கா மதிலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஊர்வலம் மூலையில் இடப்பக்கம் பள்ளிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. பேண்டு சத்தம் தேய்ந்தது. பாட்டிலைத் திறந்தாள். "வா, மூஞ்சி கழுவிக்கலாம்."

"வேணாம்மா."

"கழுவணும்டி கண்ணு."

"வேணாம்மா. நீதான் பேரு சொல்லிக் கூப்ட்டியே."

துர்காவின் கை பாதியில் நின்றது.

கூப்பிட்டால் ஏன் என்று கேட்காதே. நான் கூப்பிட்டாலும்தான். தலையை ஆட்டியது குழந்தை. சொன்ன சொல் தட்டாத பிள்ளை.

மடியில் இருந்தது கனத்தது. ஈர வலைபோல் கனத்தது. புடவை நனைந்து காலில் ஒட்டியது. மீன் முகத்தைக் கழற்றிவிட, கன்னத்தோரம் விரலை நுழைத்தாள். மீன் வாங்கும்போது, புதுசா என்று பார்க்க, செவுளைத் தூக்குவோமே, அந்த இடம். அவள் அங்கே வைத்தது காகித அட்டை.

விரல் ஈரத்துக்குள் போயிற்று. உள்ளே சிவப்பு. சீப்புச் சீப்பாக. திறந்தது. மூடியது.

மூலையைப் பார்த்தாள். ஊர்வலம் இடப்பக்கம் திரும்பிவிட்டது. ஒரு வெள்ளி மீன் மட்டும் திரும்பவில்லை. நெடுஞ்சாலையைப் பார்த்து நேராக நடந்துகொண்டிருந்தது. உலர்ந்த செருப்பு. அடிபட்ட கையை நெஞ்சோடு அணைத்திருந்தது.

எழப் பார்த்தாள். கழுத்தைச் சுற்றிக் கைகள் இறுகின.

"மீனே" என்றாள். "கண்ணு, நில்லுடி. அம்மாடி." அது திரும்பவில்லை. எதற்கும் திரும்பாதே என்று சொன்னவளே அவள்தானே. பாட்டில் உருண்டு தண்ணீர் மண்ணில் ஓடியது. சைரன் மறுபடி ஊதியது. செந்தூசு இறங்கத் தொடங்கியது.

"இளமதி! இளமதி!"

வெள்ளி முதுகு நடந்துகொண்டே இருந்தது.

"இன்னாம்மா?" என்றது மடியில் இருந்தது. "இன்னாம்மா? இன்னாம்மா?"